ஆறுதலாக வாசிப்போம்

தோட்டங்களுக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் நாங்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "கடைசியா எப்ப ஒரு புஸ்தகம் வாசிச்சீங்க?"

பெரும்பாலும் முதலில் ஒரு சிரிப்புத்தான் வரும். பிறகுதான் பதில். "புஸ்தகமா? அதுக்கெல்லாம் நேரம் எங்கங்க இருக்கு?" என்பார் ஒருவர். "பள்ளிக்கூடத்தோட அதெல்லாம் முடிஞ்சி போச்சி" என்பார் இன்னொருவர். மேட்டு லயத்து அக்கா ஒருவர் சொன்ன பதில் எங்களை யோசிக்க வைத்தது.

"வாசிக்கத் தெரியுங்க. ஆனா நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு பக்கம் முடிக்க அரை மணித்தியாலம் போயிரும். புள்ளைக சிரிக்குதுக. அதனால விட்டுட்டேன்."

இந்த அக்கா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சின்ன வயதில் கடையில் சாமான் சுற்றி வரும் பேப்பரைக்கூட விரித்து வாசித்தவர். எழுத்து அவருக்கு மறக்கவில்லை. விருப்பமும் போகவில்லை. 'நான் மெதுவாக வாசிக்கிறேன், அது குறைச்சல்' என்ற எண்ணம்தான் அவர் கையிலிருந்து புத்தகத்தைப் பறித்துவிட்டது.

அவரைப் போல எத்தனையோ பேர் நமது லயங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். மெதுவாக வாசிப்பதும் வாசிப்புத்தான். அதில் ஒரு தனிச் சுகமும் இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து அதை மறுபடி பிடித்துக்கொள்ள யாருக்கும் வயது கடந்து போகவில்லை.

பாரம் எங்கிருந்து வந்தது?

நமது வாழ்க்கையில் அனேகமாக எல்லாமே அளந்து பார்க்கப்படுகிறது. காலையில் பெரட்டுக்கு நேரத்தோடு போக வேண்டும். மலையில் நிரை பிடித்தால் பக்கத்து நிரைக்காரிக்குப் பிந்தக் கூடாது. மாலையில் கூடையைத் தராசில் போட்டால்தான் முழுப் பேரா, அரைப் பேரா என்று தெரியும். இத்தனை கிலோ என்ற கணக்கு மனசுக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப் பழகிய மனம் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் அதே கணக்கைத்தான் போடுகிறது. எத்தனை பக்கம்? எவ்வளவு நேரம்? மற்றவர் எனக்கு முந்திவிட்டாரா?

பள்ளிக்கூடமும் இதே பழக்கத்தைத்தான் தருகிறது. பிள்ளை வாசிக்கத் தொடங்கிய கையோடு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வந்துவிடுகிறது. பிறகு சாதாரண தரம், அதன் பிறகு உயர்தரம். 1980ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் பாடப் புத்தகங்களை இலவசமாகக் கொடுக்கிறது. அது நமது பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஆனால் பல வீடுகளில் அந்தப் பாடப் புத்தகம் ஒன்றுதான் புத்தகம். ஆகவே புத்தகம் என்றாலே கேள்வி வரும், பதில் சொல்ல வேண்டும், புள்ளி கிடைக்கும் என்றுதான் பிள்ளை நினைக்கிறது. பரீட்சை முடிந்த மறுநாள் புத்தகத்தைத் தூக்கி மேலே வைத்துவிட்டால் அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா?

இப்போது கையில் போனும் இருக்கிறது. ஒரு படம் பார்த்து முடியுமுன் விரல் அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. நன்றாகப் படித்த இளைஞர்களே எங்களிடம் வந்து, "முந்தி மாதிரி ஒரு பக்கத்துல மனசு நிக்க மாட்டேங்குது சார்" என்று சொல்கிறார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் அம்மாவுக்கு வெட்கம். மளமளவென்று வாசிக்கும் மகனுக்கு அவசரம். இரண்டு பேருமே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

நாங்கள் செய்த பிழை

இந்த விசயத்தில் நாங்களும் ஒரு பிழை செய்தோம். அதை மறைக்காமல் சொல்வது நல்லது.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிவிசனில், புள்ளைக் காம்பரா என்று நாம் பழக்கத்தில் சொல்லும் சிறுவர் நிலையத்தில், ஒரு மூலையை ஒதுக்கிச் சின்ன வாசிகசாலை ஒன்றை ஒழுங்கு செய்தோம். புத்தகம் கொண்டுபோகிறவர்களின் பெயரை எழுத ஒரு கொப்பி வைத்தோம். அதோடு நிற்கவில்லை. மாதத்தில் யார் கூடுதலாக வாசித்தார்கள் என்று சுவரில் ஒரு பட்டியலும் ஒட்டினோம். முதலாவது வருபவருக்குப் பரிசு.

முதல் மாதம் ஒரு பையன் 14 புத்தகம் எடுத்திருந்தான். எங்களுக்குப் பெரிய சந்தோசம். அதில் ஒன்றைக் காட்டி, "இதுல என்ன கதை தம்பி?" என்று கேட்டோம். அட்டையில் இருந்த பெயரைச் சொன்னான். கடைசிப் பக்கத்தில் இருந்ததைச் சொன்னான். நடுவில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. வாசித்தால்தானே தெரியும்? இரண்டாவது மாதம் மற்றப் பிள்ளைகளும் அவனைப் போலவே செய்யப் பழகிக்கொண்டார்கள்.

பெரியவர்களில் ஒருவர் மட்டும் ஒரு நாள் வாசல் வரை வந்திருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் இருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, "நம்ம பேரு இதுல ஆகக் கடைசியிலதான் வரும்" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாராம். நிலையப் பொறுப்பாளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வாசிகசாலை என்ற பெயரில் இன்னொரு தராசைக் கொண்டு வந்து வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பட்டியலைக் கழற்றினோம். பரிசை நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து கேட்கலாம் என்று ஏற்பாடு செய்தோம். அன்று வாசலோடு திரும்பிப் போன அந்தத் தாத்தா மூன்றாவது வாரம் வந்தார். கேட்க மட்டும்தான் வந்தேன் என்றார். ஆறாவது வாரம் கண்ணாடியைக் கொண்டுவந்து, "இன்னைக்கி ஒரு பக்கம் நான் வாசிக்கவா?" என்று கேட்டார்.

நமது முன்னோர் வாசித்த விதம்

இப்படிச் சத்தமாக வாசிப்பதும், கூடிக் கேட்பதும் நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த விசயம் அல்ல. நமது லயங்களில் முன்பே இருந்ததுதான்.

வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'பெரிய எழுத்து' புத்தகங்களைப் பற்றிச் சொல்வார்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதுரைவீரன் கதை போன்றவை பெரிய பெரிய எழுத்தில் அச்சாகித் தமிழ்நாட்டிலிருந்து வரும். லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இஸ்தோப்பில் விளக்கை வைத்து அவர் ராகம் போட்டு வாசிப்பார். சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். விளங்காத இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்பார்கள். அழுகிற இடத்தில் அழுவார்கள். ஒரு கதை முடியப் பல நாட்கள் போகும். கேட்டுக் கேட்டே அந்தக் கதை முழுவதும் எழுத்துத் தெரியாதவருக்கும் மனப்பாடமாகிவிடும். அந்த வாசிப்பை யாரும் மணிக்கூடு வைத்துப் பார்க்கவில்லை.

தொழிற்சங்கம் வந்ததும் இந்த வழியால்தான். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேசத்தில் தோட்டங்களுக்குள் போனவர் கோ. நடேசய்யர். 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகையை நடத்தியதும், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்ததும் அவரே. அவருடைய மனைவி மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடியே விசயத்தை விளக்கினார். அந்தப் பாடல்களை 1940இல் புத்தகமாகவும் போட்டார். எழுத்துத் தெரியாத மக்களிடம் எழுத்தைக் கொண்டுபோவது எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் வாசிக்க வேண்டும் அல்லது பாட வேண்டும். பத்துப் பேர் கேட்க வேண்டும். கேட்டதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆகவே எழுத்துக்கூட்டி, சத்தம் போட்டு, நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் அப்பாயியும் தாத்தாவும் நடந்த பாதையில்தான் நடக்கிறார்.

கண்ணும் மனமும் வேலை செய்யும் விதம்

வாசிக்கும்போது கண் வரியின் மேல் தண்ணீர் ஓடுவது போல ஓடுகிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படி அல்ல. கண் ஓர் இடத்தில் நிற்கும். பிறகு தாவி அடுத்த இடத்தில் நிற்கும். ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு செக்கனில் ஏறத்தாழ கால் பங்கு நேரம். அந்த நிறுத்தத்தில்தான் எழுத்து மனசுக்குள் போகிறது. தாவும்போது கண் எதையும் வாசிப்பதில்லை. நன்றாக வாசிக்கிறவர்களுக்கும் கண் சில வேளை பின்னுக்குப் போய், விட்ட சொல்லை மறுபடி பார்த்துவிட்டு வரும். திரும்பப் பார்ப்பது குறைபாடு இல்லை. விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக மூளை செய்கிற வேலை அது.

ஆங்கிலத்தில் பழக்கப்பட்ட பெரியவர் ஒருவர் மனசுக்குள் வாசித்தால் நிமிசத்துக்கு ஏறத்தாழ 200 முதல் 250 சொல் வரை வாசிப்பார் என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். சத்தமாக வாசித்தால் அதைவிடக் குறையும். நிமிசத்துக்கு ஆயிரம் சொல் வாசிக்கப் பழக்குகிறோம் என்று காசு வாங்கும் வகுப்புகள் உலகத்தில் உண்டு. இதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். வேகம் அளவுக்கு மீறினால் விளக்கம் குறைந்துவிடுகிறது என்பதே முடிவு. பக்கம் புரளும், உள்ளே ஒன்றும் தங்காது.

எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கு வேறொரு கஷ்டம். அவருடைய கவனம் முழுவதும் எழுத்தை அடையாளம் காண்பதிலேயே போய்விடுகிறது. வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்து போகும். இது மூளைக் குறைவு அல்ல, பழக்கக் குறைவு. புதிதாகக் கொழுந்துக்குப் போன பெண்ணை நினைத்துப் பாருங்கள். முதல் வாரம் எது கொழுந்து, எது கரட்டு இலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் கிள்ளுவார். ஒரு வருடம் போனால் கை தானாகப் போகும், வாய் கதை பேசிக்கொண்டிருக்கும். எழுத்தும் அப்படியே. ஒரே பகுதியை இரண்டு மூன்று தரம் வாசித்தால் எழுத்தில் இருந்த கவனம் மெல்ல மெல்லக் கதைக்கு மாறும். அந்த மாற்றம் வரும் நேரத்தில்தான் வாசிப்பின் ருசி தெரியத் தொடங்குகிறது.

ஃபெக்டரியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்லலாம். கொழுந்து வந்தவுடனே அரைப்பதில்லை. பல மணித்தியாலம் காற்றில் வாட்டிய பிறகுதான் அது உருளைக்குப் போகும். வாடாத கொழுந்து நல்ல தூளாகாது. வாசித்ததும் அப்படித்தான். ஒரு பக்கம் வாசித்துவிட்டு மறுநாள் மலையில் நிற்கும்போது அந்தக் கதையில் வந்த பெண் ஏன் அப்படிச் செய்தாள் என்று யோசிக்கிறீர்களே, அந்த நேரமும் வாசிப்பில் சேர்ந்ததுதான்.

வெள்ளெழுத்தைக் கவனியுங்கள்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் வாசிப்பை விட்டதற்குக் காரணம் கண்தான். அதை அவர்கள் அறிவதில்லை. வயது போகப் போகக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிவிடும். கிட்ட உள்ள சின்ன எழுத்து மங்கலாகத் தெரியும். பேப்பரைக் கையை நீட்டித் தூரப் பிடித்தால் கொஞ்சம் தெளியும். இதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம். இது எல்லோருக்கும் வருகிற சங்கதி. கிட்டப் பார்வைக்கான ஒரு கண்ணாடி போட்டால் சரியாகிவிடும்.

தேயிலைத் தொழிலாளர் சம்பந்தமான ஒரு செய்தியும் இதோடு உண்டு. இந்தியாவின் அசாமில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 751 தேயிலைத் தொழிலாளரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு உடனே கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். கொழுந்துக்கே கண்ணாடி இவ்வளவு உதவுமென்றால், அதைவிடச் சின்ன எழுத்துக்கு எவ்வளவு உதவும்!

ஆகவே, "எனக்கு வாசிப்பு வராது" என்று முடிவு கட்டுமுன் அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்கில் ஒரு தரம் காட்டுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களும், கண்ணில் படலம் தெரிகிறவர்களும் கட்டாயம் காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் பகலிலும் இருட்டு. வாசிக்கும்போது வாசல் பக்கமாக, வெளிச்சம் புத்தகத்தில் விழும்படி உட்காருங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

பெரிய ஆயத்தம் ஒன்றும் தேவையில்லை. பல தோட்டங்களில் பழகிப் பார்த்து, பலன் தந்த சில வழிகளை மட்டும் சொல்கிறோம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் போதும். தேத்தண்ணி குடிக்கிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிசத்தில் நாலு வரிதான் ஓடியதென்றால் நாலு வரி போதும்.

வரிக்குக் கீழே விரலை வைத்து வாசிக்க வெட்கப்பட வேண்டாம். அடுத்த வரிக்குத் தாவும்போது கண் தடுமாறாமல் விரல் காப்பாற்றும்.

வாயை அசைத்து, சத்தமாக வாசியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத சொல் சில வேளை காதுக்குப் பிடிபடும். பேச்சில் தினமும் கேட்கிற சொல்தானே இது என்று அப்போது தெரியும்.

விளங்காத சொல் வந்தால் அதில் தடக்கி நிற்க வேண்டாம். தாண்டிப் போங்கள். அதே சொல் நாலு இடத்தில் வந்தால் பொருள் தானாகத் தெரியும். தெரியாவிட்டால் மகளிடமோ, பக்கத்து வீட்டுத் தம்பியிடமோ கேளுங்கள்.

பிடித்த பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கலாம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடிவிடலாம். அதற்காக யாரும் பேர் வெட்ட மாட்டார்கள்.

படித்த இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. போனை அடுத்த காம்பராவில் வைத்துவிட்டு உட்காருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் மனசு அங்கேயும் இங்கேயும் ஓடும். கோபப்படாமல் மறுபடி வரிக்கு வாருங்கள். ஒரு கிழமைக்குள் வித்தியாசம் தெரியும்.

எதை வாசிக்கலாம்?

நமது மலையகத்தைப் பற்றி நம்மவர்களே எழுதிய கதைகளில் தொடங்குவது சுலபம். இடமும் பேச்சும் நமக்குத் தெரிந்தவை. அதனால் எழுத்தோடு மட்டும் பழகினால் போதும்.

என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' சிறுகதைத் தொகுதி 1980இல் வந்தது. அந்தத் தலைப்புக் கதை, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணையும் அவள் கூடையின் நிறையையும் பற்றியது. நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' 1979இல் வந்தது. 2022இல் காலமான அவர் தோட்டத்து மக்களின் அன்றாட வாழ்க்கையை நுணுக்கமாக எழுதியவர். சி.வி. வேலுப்பிள்ளை மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். அவர் நாவலும் எழுதினார். நமது பாட்டிமார் பாடிய நாட்டுப் பாடல்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாகவும் தந்தார். அந்தப் பாடல்களில் பல உங்களுக்கு முன்பே தெரிந்தவையாக இருக்கும். காதுக்குத் தெரிந்ததைக் கண்ணால் வாசிப்பது, எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்கு மிக நல்ல பயிற்சி.

சிறுகதையில் தொடங்குவது நல்லது. முழு நாவலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். கிட்டிய டவுனில் பிரதேச சபை நூலகம் இருந்தால் அங்கத்துவம் எப்படி எடுப்பது என்று கேட்டு வையுங்கள். ஒக்டோபர் நமது நாட்டில் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் நூலகங்களிலும் பாடசாலைகளிலும் நிகழ்ச்சிகள் நடப்பதால் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாம். புத்தகமே கிடைக்காவிட்டாலும் பழைய ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் கதைப் பக்கத்தை எடுத்து வையுங்கள். கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்யும் மகள் முன்பு எழுதிய கடுதாசி பெட்டிக்குள் இருந்தால் அதையும் எடுத்து வாசிக்கலாம். அதைவிட ஆறுதலாக வாசிக்க வேண்டியது வேறென்ன இருக்கிறது?

பிள்ளைகளோடு வாசிக்கும்போது

வாசிக்கத் தெரியாத பெற்றோரும் வீட்டில் வாசிப்பை வளர்க்கலாம். பிள்ளையிடம், "எனக்கு ஒரு கதை வாசிச்சிக் காட்டு சாமி" என்று கேளுங்கள். ரொட்டி தட்டிக்கொண்டே கேட்கலாம். அது தடுக்குகிற ஒவ்வொரு எழுத்துக்கும் "பிழை, பிழை" என்று சொல்ல வேண்டாம். "அப்புறம் என்னாச்சி?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும். கதையைக் கேட்க ஓர் ஆள் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் பிள்ளை தானாகவே அடுத்த பக்கத்துக்குப் போகும்.

புள்ளி குறைந்ததற்குத் தண்டனையாகப் பிள்ளையைப் புத்தகத்தின் முன் உட்கார வைக்காதீர்கள். தண்டனையாக வந்த எதுவும் பிறகு சுகமாக மாறுவது கஷ்டம். அம்மா எழுத்துக்கூட்டும்போது பிள்ளை சிரித்தால், "நீயும் ரெண்டு வருசத்துக்கு முந்தி இப்பிடித்தான் வாசிச்ச" என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லலாம். அப்படிச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் மேட்டு லயத்து அக்கா புத்தகத்தை மூடியிருக்க மாட்டார்.

கையெழுத்து வைக்கும் முன்

ஆறுதலாக வாசிக்கப் பழகியவருக்கு இன்னொரு பலனும் உண்டு. கடன் கொடுக்கிறவர்கள் கடதாசியை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து வைங்கம்மா, எல்லாம் சரி" என்று அவசரப்படுத்துவார்கள். நாலு பேர் பின்னால் நிற்பார்கள். மெதுவாக வாசிக்கிறோமே என்ற வெட்கத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்து, பிறகு வட்டி கட்டி அவதிப்பட்ட பெண்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம்.

வீட்டில் தினமும் நாலு வரி ஆறுதலாக வாசித்துப் பழகியவர், அங்கேயும் வெட்கப்படாமல், "வீட்டுக்குக் கொண்டு போயி வாசிச்சிட்டு நாளைக்கித் தாறேன்" என்று சொல்வார். தர முடியாது என்று சொன்னால் அந்தக் கடதாசியில் ஏதோ இருக்கிறது என்றும் தெரிந்துகொள்வார். மருந்துச் சீட்டும், சம்பளச் சீட்டும் அப்படித்தான். இவற்றை வேகமாக வாசிக்க வேண்டிய தேவை ஒன்றுமில்லை. சரியாக வாசித்தால் போதும்.

ஆனால் இந்தப் பலனுக்காக மட்டும் வாசியுங்கள் என்று சொல்ல மாட்டோம். பலன் பலன் என்று சொல்லித்தான் வாசிப்பைப் பாரமாக்கிவிட்டோம். நாள் முழுக்க மற்றவருக்காக வேலை செய்த கை, பத்து நிமிசம் ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். அந்தச் சுகம் ஒன்றே போதும்.

மேட்டு லயத்து அக்காவின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு அவரும் வரத் தொடங்கினார். பிறகு ஒரு கதைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டு போனார். நாலு மாதம் கழித்து அவரைக் கண்டபோது, பழக்க தோசத்தில், "புஸ்தகத்த முடிச்சிட்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டோம்.

அக்கா சிரித்தார். "இல்லீங்க. இன்னும் ரெண்டு கதை மிச்சம் இருக்கு. வேணும்னுதான் வச்சிருக்கேன். முடிஞ்சி போச்சின்னா அப்புறம் ராவைக்கி என்னத்த வாசிக்கிறது?"

தராசைக் கீழே வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் கேள்வியில் அது இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இனிமேல் தோட்டங்களுக்கு வரும்போது அப்படிக் கேட்க மாட்டோம். "இப்ப எந்த இடத்துல நிக்கிறீங்க? அந்த இடம் எப்பிடி இருக்கு?" என்றுதான் கேட்போம். ஆறுதலாகப் பதில் சொல்லுங்கள்.